நீண்ட குழல் துவக்குக்கு மெல்ல எரியும் மருந்தா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் கோண்டாவில் வீட்டு விறாந்தையில் ஒரு சின்னக் கூட்டம் சேரும். ரொறன்ரோவிலிருந்து வந்த மருமக்கள், மெல்பேர்னிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி, ஊரில் இருக்கும் பழைய பள்ளித் தோழர்கள். நான் கனடாவில் முப்பது வருடமாக மான் வேட்டைக்குப் போகிறவன். அதில் இருபது வருடம் என் ரவையை நானே அடைத்துத்தான் சுடுகிறேன். அதனால் கேள்விகள் என்னிடம்தான் வரும். வருடாவருடம் அதே கேள்விகள் வருவதால் எழுதி வைத்தேன்.

முதலில் ஒன்று. இலங்கையில் துவக்கு என்றால் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், மருந்து என்றால் 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம். யாழ்ப்பாணத்தில் வீட்டு மேசையில் ரவை அடைக்க யாரும் யோசிக்கவே வேண்டாம். இது கனடா, அவுஸ்திரேலியா போன்ற இடங்களில் உரிமம் எடுத்து, அந்த நாட்டுச் சட்டப்படி இதைச் செய்கிறவர்களுக்கு.

சொற்களில் குழப்பம் வராமல் இருக்க: முழுசாக அடைத்து முடித்தது ரவை. அதன் பித்தளை உடல் கோது. பறந்து போவது சன்னம். உள்ளே இருப்பது மருந்து. பின்புறம் ஊசி குத்தும் சின்னக் கிண்ணம் பிறைமர்.

மெல்ல எரியும் மருந்து என்றால் உண்மையில் என்ன?

அடுப்படியில் நின்ற எவருக்கும் இது விளங்கும். பன்னாடையை அடுப்பில் வைத்தால் பக்கென்று பற்றி, கண் மூடித் திறக்க முன் சாம்பலாகிவிடும். ஊமலை வைத்தால் சோறு வடிக்கும் வரைக்கும் நின்று எரியும். இரண்டும் பனை, தென்னையிலிருந்து வந்தவைதான். எரிகிற விதம்தான் வேறு.

துவக்கு மருந்தும் அப்படித்தான். வேகமானதும் மெதுவானதும் அடிப்படையில் ஒரே பொருள், நைட்ரோசெலுலோஸ். சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். வேகத்தை முக்கியமாக மாற்றுவது மணியின் அளவு, வடிவம், மேற்பூச்சு ஆகிய மூன்றும்தான். ஐ.எம்.ஆர். 4350 என்ற மருந்தில் கொஞ்சத்தை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். பென்சில் கூரைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி வைத்தது போலிருக்கும். வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஊசி முனை அளவில் ஒரு துளை. துண்டு வெளியிலிருந்து எரிய எரிய வெளிப்பரப்புச் சுருங்கும். அதே நேரம் உள்ளே துளை பெருத்துக்கொண்டு வரும். அதனால் எரியும் பரப்பு கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். அதன் மேல் ஒரு தடுப்புப் பூச்சு இருக்கிறது, தொடக்கத்தில் தீ அவசரப்படாமல் பார்த்துக்கொள்ள. கையில் ஒட்டும் கரும் பளபளப்பு காரீயம், அதாவது கிராஃபைற்று. மணிகள் ஒன்றோடொன்று உரசி மின்னேற்றம் சேராமல் இருக்கவும், அளவுகருவியில் வழுக்கி ஓடவும் பூசுவது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த மருந்தைத் திறந்த வெளியில் பற்ற வைத்தால் சர்ரென்று எரியும், வெடிக்காது. அடைத்த கோதுக்குள் அமுக்கம் ஏற ஏறத்தான் எரியும் வேகமும் ஏறும். வேகம் ஏறினால் அமுக்கம் இன்னும் ஏறும். மெல்ல எரியும் மருந்து என்றால் இந்தச் சுழற்சியில் பின்தங்கி நிற்பது. அவ்வளவுதான்.

“மாமா, 26 இஞ்சிக் குழல் எடுத்திட்டன். இனி மெல்ல எரியிற மருந்துதானே போடவேணும்?”

இல்லை. இந்தப் பக்கத்தை எழுதியதே இந்த ஒரு கேள்விக்காகத்தான். குழலின் நீளம் மருந்தைத் தெரிவு செய்வதில்லை. கோதும் சன்னமும்தான் தெரிவு செய்கின்றன.

பலர் நினைப்பது இப்படி: மெதுவான மருந்து எரிந்து முடிய நேரம் எடுக்கும், நீளக் குழல் அந்த நேரத்தைக் கொடுக்கும், கட்டைக் குழலில் பாதி மருந்து எரியாமல் வெளியே போய்விடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் குழலுக்குள் நடப்பது வேறு. பிறைமர் தட்டுப்பட்டதிலிருந்து சன்னம் குழலின் வாயை விட்டு வெளியேறும் வரை எல்லாமாக ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அமுக்கம் உச்சத்துக்குப் போவது சன்னம் முதல் ஒன்றிரண்டு அங்குலம் நகர்வதற்குள். மருந்தின் பெரும் பகுதி எரிவதும் அந்த உச்சத்தை ஒட்டித்தான். அதற்குப் பிறகு மிஞ்சிய இருபது சொச்ச அங்குலத்திலும் நடப்பது பெரும்பாலும், முன்பே உண்டான வாயு விரிந்து சன்னத்தைத் தள்ளுவது.

எங்கள் ஊர்ப் பழைய மொறிஸ் மைனரைத் தள்ளி ஸ்ராற் பண்ணிய அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். டிக்கி நெளியாமல் இருக்க ஒரு எல்லைக்கு மேல் அழுத்தக் கூடாது. ஒருவன் ஓடி வந்து அந்த எல்லை வரைக்கும் ஒரு மோது மோதிவிட்டு விட்டுவிடுகிறான். இன்னொருவன் அதே எல்லைக்குள் நின்று, கைகளை எடுக்காமல் கூடவே ஓடித் தள்ளுகிறான். யாருடைய கார் வேகமெடுக்கும்? இரண்டாமவனுடையதுதான். முதலாமவன் வேகமான மருந்து, இரண்டாமவன் மெதுவான மருந்து, நெளியக் கூடாத டிக்கிதான் அமுக்க எல்லை. இப்போது ஒழுங்கையின் நீளத்தைப் பாதியாக வெட்டுங்கள். இருவருக்கும் வேகம் குறையும். ஆனாலும் இரண்டாமவன்தான் முன்னுக்கு நிற்பான்.

குழலிலும் இதுதான் நடக்கிறது. ஒரு ரவைக்கு 26 அங்குலக் குழலில் அதிக வேகம் கொடுக்கும் மருந்துதான், பெரும்பாலும், அதே குழலை 20 அங்குலமாக வெட்டிய பிறகும் அதிக வேகம் கொடுக்கும். இடைவெளி கொஞ்சம் சுருங்கும், வரிசை மாறுவது அரிது.

சரித்திரத்திலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. எங்கள் ஊரில் வயதானவர்கள் எல்லோரும் அறிந்த 303 துவக்குதான் அது. பிரித்தானியப் படையின் லீ-என்ஃபீல்ட் துவக்கில் முதலில் வந்த நீள வகையின் குழல் 30.2 அங்குலம். 1900களின் தொடக்கத்தில் வந்த கட்டை லீ-என்ஃபீல்டில் அது 25.2 அங்குலம். 5 அங்குலம் வெட்டினார்கள். ஆனால் கட்டைக் குழலுக்கென்று தனி ரவை செய்யவில்லை. அதே கோது, அதே கோர்டைற்று மருந்து இரண்டிலும் போனது.

கோர்டைற்று என்றால்?

1889 இல் பிரித்தானியாவில் ஏபல், டிவார் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கிய மருந்து. மணியாக இல்லாமல் கயிறு கயிறாக இருக்கும். 303 ரவையைத் திறந்தால் இடியப்ப இழைகளை நீட்டி அடுக்கியது போல உள்ளே நிற்கும். கோதின் கழுத்தை ஒடுக்கிய பிறகு அதை உள்ளே விட முடியாது என்பதால், கயிறுகளை வைத்த பிறகுதான் கழுத்தையே ஒடுக்குவார்கள். சூடு அதிகம், குழலை அரிக்கும். இன்றைக்கு அதை யாரும் அடைப்பதில்லை.

அப்படியென்றால் நீளக் குழலால் என்னதான் லாபம்?

வேகம். .308 வின்செஸ்ரர் போன்ற ரவையில் ஓர் அங்குலத்துக்குச் செக்கனுக்கு ஏறக்குறைய 20 அடி. .300 வின்செஸ்ரர் மக்னம் போன்ற பெரிய கோதில் இன்னும் கொஞ்சம் கூட, 25, 30 என்று வரும். மெதுவான மருந்தில் அமுக்கம் மெல்ல இறங்குவதால், குழலின் கடைசி அங்குலங்களிலும் தள்ளு மிஞ்சியிருக்கும். ஆகவே நீளக் குழல் மெதுவான மருந்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கைகொடுக்கிறது என்பது உண்மை. இதைத்தான் ஆட்கள் தலைகீழாக்கி, நீளக் குழலுக்கு மெதுவான மருந்து கட்டாயம் என்று சொல்கிறார்கள்.

கட்டைக் குழலில் மெதுவான மருந்து போட்டால் குழல் வாயில் சத்தமும் சுவாலையும் கூடும். அந்திக் கருக்கலில் சுடுகிறவர்களுக்கு அது தொல்லைதான். அதற்காகக் கொஞ்சம் வேகமான மருந்தைத் தெரிவு செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். வேகத்துக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சரி, கோதையும் சன்னத்தையும் பார்த்து மருந்தை எப்படித் தெரிவு செய்வது?

மூன்று விடயங்கள்: கோதின் கொள்ளளவு, குழலின் உள்விட்டம், சன்னத்தின் நிறை.

ஒரே .30 கலிபர் (உள்விட்டம் 0.30 அங்குலம்) குழலுக்கு மூன்று கோதுகளை எடுப்போம். .308 வின்செஸ்ரரின் கோதுக்குள் ஏறக்குறைய 56 கிறெயின் தண்ணீர் பிடிக்கும். .30-06 இல் 68. .300 வின்செஸ்ரர் மக்னத்தில் 90 அளவில். (7,000 கிறெயின் ஓர் இறாத்தல்.) மூன்றும் ஒரே விட்டமுள்ள குழலுக்குள்தான் ஊத வேண்டும். 24 அங்குலக் குழல் என்று வைத்து, கோதின் கொள்ளளவோடு குழலின் கொள்ளளவையும் கூட்டி, கோதின் கொள்ளளவால் பிரித்துப் பாருங்கள். .308 க்கு 8 ஐ ஒட்டி வரும், .30-06 க்கு 7 ஐ ஒட்டி, மக்னத்துக்கு ஐந்தரை. இந்த எண் குறையக் குறைய, பெரிய குடத்துத் தண்ணீர் சின்ன மூக்கால் வெளியேறுவது போன்ற நிலை. அங்கே வேகமான மருந்தை நிறையப் போட்டால் அமுக்கம் உடனே எல்லையை முட்டும். அதனால் கோது பெருக்கப் பெருக்க மருந்து மெதுவாக வேண்டும்.

சன்னத்தின் நிறையும் அப்படியே. பாரமான சன்னம் தள்ளத் தள்ளத் தயங்கும். அது நகர்ந்து இடம் கொடுக்காவிட்டால் வாயு அடைபட்டு அமுக்கம் ஏறும். ஆக ஒரே கோதில் சன்னம் பாரமானால் ஒரு படி மெதுவான மருந்துக்குப் போவது வழக்கம்.

நடைமுறையில் சொன்னால்: .308 இல் 150, 168 கிறெயின் சன்னங்களுக்கு வார்கெற், ஐ.எம்.ஆர். 4064, 4895 வகை மருந்துகள். .30-06 இல் 150 க்கு அதே வரிசை, 180 க்கு 4350, 220 க்கு 4831. .300 வின்செஸ்ரர் மக்னத்தில் 4831, ரீலோடர் 22, எச்1000, மிகப் பாரமான சன்னத்துக்கு ரிட்டம்போ. ஒன்றைக் கவனியுங்கள். இந்த வரிசையில் எங்கேயும் குழலின் நீளத்தை நான் கேட்கவில்லை.

எல்லை மீறி மெதுவாகப் போனாலும் பயன் இல்லை. .308 கோதில் ரிட்டம்போவைக் கழுத்து வரைக்கும் நிரப்பினாலும் முழு அமுக்கம் வராது. இடம் போதாது. வேகம் குறையும், எரியாத மணிகள் குழலுக்குள்ளும் துவக்கின் பொறிக்குள்ளும் கொட்டிக் கிடக்கும். நல்ல பொருத்தம் என்பது, கோது ஏறக்குறைய நிரம்பும்போது அமுக்கமும் எல்லையை ஒட்டி வந்து நிற்பது. எத்தனை கிறெயின் என்று நான் இங்கே எழுதவில்லை. அதை மருந்துக் கம்பனியும் சன்னக் கம்பனியும் வெளியிடும் இன்றைய கைநூலில்தான் பார்க்க வேண்டும். தொடக்க அளவிலிருந்து மெல்ல ஏற வேண்டும். அந்த அளவு அநேகமாக உச்ச அளவிலிருந்து 10 சதவீதம் கீழே இருக்கும்.

எண் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்றுதானே?

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். மூன்றாவது வருடம் என்று நினைவு. 7 மி.மீ. ரெமிங்ரன் மக்னத்துக்கு அடைத்தேன். கைநூலில் பார்த்தது எச்4831 இன் அளவு. மேசையில் இருந்தது ஐ.எம்.ஆர். 4831. எண்ணைப் பார்த்தேன், முன்னால் நின்ற எழுத்தைப் பார்க்கவில்லை. அளவும் உச்சத்தை ஒட்டியது. 20 ரவை அடைத்தேன். முதலாவதிலேயே ரவையைப் பூட்டித் திறக்கும் போல்ற்றைத் தூக்கக் கை கொஞ்சம் இறுகியது, குளிர் என்று நினைத்தேன். மூன்றாவதில் உள்ளங்கையால் தட்டித்தான் திறக்க முடிந்தது. கோதை எடுத்து வெயிலில் பிடித்தால், பிறைமரின் வட்ட விளிம்பு தட்டையாகிக் கோதோடு ஒன்றாகிப் போயிருந்தது. பித்தளையில், சுட்ட கோதை வெளியே தள்ளும் எஜெக்ரரின் துளை வட்டம் பளபளவென்று பதிந்திருந்தது. மிச்சம் 17 ஐயும் அன்றிரவு ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன். பிழை முழுக்க என்னுடையது.

ஐ.எம்.ஆர். 4831, எச்4831 ஐ விட வேகமானது. இரண்டும் வேறு மருந்துகள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு புரூஸ் ஹொட்ஜ்டன் என்பவர், இராணுவத்தில் மிஞ்சிய 20 மி.மீ. பீரங்கி மருந்தை வாங்கிப் பொதுமக்களுக்கு விற்றார். அதுதான் எச்4831 இன் தொடக்கம். பிறகு அதே எண்ணில் இன்னொரு மருந்து கடைக்கு வந்தது. 4350, 4895 ஆகிய எண்களிலும் இதே இரட்டை இருக்கிறது. இப்போதெல்லாம் என் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் திறந்திருக்கும். அடைத்து முடிந்ததும் மிச்சம் அதே டப்பாவுக்குள் திரும்பிப் போகும்.

அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு மறுபக்கக் குழப்பம் உண்டு, அங்கே பெயர் வேறு, மருந்து ஒன்று. நியூ சவுத் வேல்ஸில் முல்வாலாவில் செய்யும் ஏ.ஆர்.2208 தான் வட அமெரிக்கக் கடையில் வார்கெற். ஏ.ஆர்.2209 என்பது எச்4350. ஏ.ஆர்.2213எஸ்.சி. என்பது எச்4831எஸ்.சி. ஏ.ஆர்.2217 என்பது எச்1000.

எரிவேக அட்டவணையைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பதைப் போடலாமா?

கூடாது. அட்டவணை வரிசையை மட்டும் சொல்கிறது, இடைவெளியைச் சொல்வதில்லை. அடுத்தடுத்து நிற்கும் இரண்டுக்கு இடையே மயிரிழையும் இருக்கலாம், மடுவும் இருக்கலாம். கோது மாறினால் வரிசையே இடம் மாறுவதும் உண்டு.

மெதுவான மருந்துதானே, குறைவாகப் போட்டால் இன்னும் பாதுகாப்புத்தானே?

கேட்கிறவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் கேட்கிறார்கள். பிள்ளைக்குப் பழக்க உதை குறைந்த ரவை வேண்டும் என்பார்கள். ஆனால் பெரிய கோதில் மிக மெதுவான மருந்தைக் கால்வாசி, அரைவாசி போட்டு விடுவது ஆபத்து. மருந்து கோதுக்குள் படுத்துக் கிடக்கும். பற்றுதல் ஒழுங்காக வராது. சில நேரம் சன்னம் கொஞ்சம் நகர்ந்து குழலில் நின்று, பிறகு அமுக்கம் திடீரென்று கட்டுக்கடங்காமல் எகிறித் துவக்கே உடைந்திருக்கிறது. ஏன் அப்படி நடக்கிறது என்பதில் அறிந்தவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அதனால்தான் மெதுவான மருந்துகளுக்குக் கைநூலில் போட்டிருக்கும் தொடக்க அளவுக்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது.

உதை குறைந்த ரவை வேண்டுமென்றால் அதற்கென்று மருந்து இருக்கிறது. எச்4895 இல், கைநூலின் உச்ச அளவின் 60 சதவீதம் என்ற அளவு வரைக்கும் இறங்கலாம் என்று ஹொட்ஜ்டன் கம்பனியே எழுதிக் கொடுத்திருக்கிறது. என் மகள் முதன்முதலில் சுட்டது அந்த ரவையைத்தான்.

அமுக்கம் கூடிவிட்டது என்று எப்படி அறிவது?

தட்டையான பிறைமர், இறுகும் போல்ற், எஜெக்ரர் அடையாளம் எல்லாம் நான் மேலே சொன்னவை. ஆனால் அவை பிந்தி வரும் அறிகுறிகள். .30-06 க்கு அமெரிக்கத் தரநிலையின் எல்லை சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல், கார் ரயருக்குள் இருப்பதைப் போல் ஏறக்குறைய 2,000 மடங்கு. பித்தளை முறைப்பாடு சொல்லும் நேரம் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டியிருப்பீர்கள்.

நான் நம்புவது சன்னத்தின் வேகத்தை அளக்கும் வேகமானியை. கைநூலில் சோதனைக் குழலின் நீளம் எழுதியிருக்கும், அநேகமாக 24 அல்லது 26 அங்குலம். உங்களுடையது அதை விட 2 அங்குலம் கூட நீளம் என்றால் செக்கனுக்கு 40, 60 அடி கூட வருவது நியாயம். 150 அடி கூட வந்தால் அது குழல் தந்த பரிசு அல்ல. எங்கேயோ அமுக்கத்தில் கடன் வாங்கியிருக்கிறீர்கள், உடனே இறங்குங்கள். குழலின் நீளம் எனக்கு உண்மையில் தேவைப்படுவது இந்தக் கணக்குக்குத்தான்.

ஊர் வெக்கை மாதிரி வெக்கையில் மருந்து மாறுமா?

மாறும். சூடான மருந்து வேகமாக எரியும். ரொறன்ரோவுக்கு வடக்கே நவம்பர் குளிரில் உச்ச அளவுக்கு அடைத்த ரவையை, மெல்பேர்னில் தைமாத வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டு எடுத்துச் சுட்டால் அமுக்கம் எல்லை தாண்டக் கூடும். வார்கெற், எச்4350, எச்4831, எச்1000, ரிட்டம்போ போன்றவை வெப்பநிலைக்கு அதிகம் ஆடாத வகையில் செய்யப்பட்டவை. அவற்றிலும் கொஞ்சம் ஆட்டம் உண்டு. ரவைப் பெட்டியை நிழலில் வையுங்கள். சூடேறிய குழலுக்குள் ரவையை ஏற்றிவிட்டுக் கதைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

டப்பாவைத் திறக்கும்போது புளித்த, மூக்கை அரிக்கும் நெடி அடித்தாலோ, மணிகளில் துரு நிறத் தூள் படிந்திருந்தாலோ அந்த மருந்து சிதைந்துவிட்டது. பாவிக்க வேண்டாம்.

காணி துப்புரவாக்கும்போது பழைய ரவைகள் கிடைத்தன. அதிலிருந்து மருந்தை எடுத்துப் பார்க்கலாமா?

இதை ஊரில் இருக்கும் ஒரு பெடியன் போன வருடம் என்னிடம் கேட்டான். ஆர்வத்தில்தான் கேட்டான். அவனைப் பக்கத்தில் இருத்தி வைத்துச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். தொடாதே. எங்கள் மண்ணில் புதைந்து கிடப்பது ரவைதானா, வேறு ஏதாவதா என்று வெளித்தோற்றத்தில் சொல்ல முடியாது. ரவையாகவே இருந்தாலும் ஈரத்திலும் வெக்கையிலும் கிடந்து சிதைந்த மருந்து எப்படி நடக்கும் என்று எந்தக் கைநூலிலும் இல்லை. மண்வெட்டியை அந்த இடத்திலேயே விட்டுவிடு. வந்த கால்தடத்திலேயே திரும்பி வா. பிள்ளைகள் போகாமல் யாரையாவது தள்ளி நிற்க வை. 119 க்கு அடி.